கம்பெனி கணினி, என் கணினி

கம்பெனி கொடுத்த லேப்டாப்பைத் திருப்பிக் கொடுக்கும்போது மனசுக்கு என்னவோ போல் இருக்கிறது என்று யாராவது சொன்னால், கேட்பவர்கள் பெரும்பாலும் சிரித்துவிட்டுப் போவார்கள். முதலாளி வாங்கிக் கொடுத்த பொருள். அடியில் அசெட் நம்பர் ஒட்டியிருக்கிறது. மூன்று, நான்கு வருஷம் போனால் ஐடி டீமே வந்து வேறொன்றை வைத்துவிட்டு இதைத் தூக்கிக்கொண்டு போய்விடும். இதன் மேல் என்ன பாசம் வேண்டிக்கிடக்கிறது என்பது அவர்கள் கேள்வி. அந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு கொஞ்சம் விரிவாகப் பேசலாம் என்று நினைக்கிறேன், ஏனென்றால் அந்தப் பாசத்தில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று உறுதியாக நம்புகிறேன். நாள்தோறும் கை வைத்து வேலை பார்க்கும் கணினியில், வேலை பார்ப்பவரின் தொழிலறிவில் ஒரு பங்கு போய்த் தங்கிவிடுகிறது. அந்தப் பங்கைத்தான் மனம் பற்றாக உணர்கிறது. பில்லில் கம்பெனியின் பெயர் இருக்கலாம். ஆனால் பெட்டிக்குத்தான் கம்பெனி விலை கொடுத்தது. அந்தப் பங்கு அதில் பிறகு சேர்ந்தது. ஆகவே அதை மதிக்கும் கடமை கம்பெனிக்கு உண்டு என்பது வரை என் வாதம் போகிறது.

இந்தப் பற்றை ஒரு நிறுவனம் திட்டம் போட்டே அறுத்துப் பார்த்திருக்கிறது. ஷயட்/டே என்ற அமெரிக்க விளம்பர நிறுவனம் அது. 1984-இல் ஆப்பிளின் மெக்கின்டாஷ் கணினிக்காக வந்து உலகமே பேசிய தொலைக்காட்சி விளம்பரத்தை உருவாக்கியவர்கள். அதன் தலைவர் ஜே ஷயட், 1994-வாக்கில் லாஸ் ஏஞ்சலிஸ், நியூயார்க் அலுவலகங்களில் யாருக்கும் நிரந்தர இருக்கை கிடையாது என்று அறிவித்தார். காலையில் உள்ளே வந்ததும் கவுன்ட்டரில் ஒரு லேப்டாப்பும் ஒரு போனும் வாங்கிக்கொள்ள வேண்டும். எங்கே இடம் கிடைக்கிறதோ அங்கே உட்கார வேண்டும். மாலையில் இரண்டையும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். சொந்தச் சாமான்களை வைக்க ஒரு லாக்கர். அடுத்து நடந்ததை 1999-இல் வயர்டு பத்திரிகை விரிவாக எழுதியது. அலுவலகத்துக்குப் பக்கத்தில் குடியிருந்த சிலர் விடிந்தும் விடியாமலும் வந்து லேப்டாப்பையும் போனையும் வாங்கி, ஓரிடத்தில் ஒளித்துவைத்துவிட்டு, வீட்டுக்குத் திரும்பிப் போய் மிச்சத் தூக்கத்தைத் தூங்கினார்கள். வேலைக் காகிதங்கள் கார் டிக்கிகளில் குடியேறின. ஒருவர் குழந்தைகள் விளையாடும் வண்டியில் தன் கோப்புகளைப் போட்டு அலுவலகம் முழுக்க இழுத்துக்கொண்டு திரிந்தார். கணினிகள் ஆட்களுக்குப் போதாததால் வந்த அல்லாட்டம்தானே இது என்று கேட்கலாம். ஒரு பகுதி உண்மைதான். ஆனால் தட்டுப்பாடு மட்டும்தான் சிக்கல் என்றால் இன்னும் கொஞ்சம் லேப்டாப் வாங்கிப்போட்டிருந்தால் தீர்ந்திருக்கும். நிறுவனம் அதோடு விடவில்லை. 1998-இல் லாஸ் ஏஞ்சலிஸ் கிளை புதிய கட்டடத்துக்கு மாறியபோது ஒவ்வொருவருக்கும் தனக்கென்று ஓர் இடம் திரும்பக் கிடைத்தது. சொந்த இருக்கை, சொந்தக் கருவி என்ற எண்ணமே பழமை என்று சொன்ன நிறுவனம், நான்கு வருஷத்தில் அந்த எண்ணத்திடமே திரும்பி வந்தது.

ஏன் திரும்பி வர வேண்டியிருந்தது? இதற்கு நல்ல விளக்கம் நிர்வாகவியல் ஆய்வுகளிலேயே இருக்கிறது. ஜான் பியர்ஸ், டாட்டியானா கோஸ்டோவா, கர்ட் டர்க்ஸ் என்ற மூவர் 2001-இல் எழுதிய கட்டுரையில், சட்டப்படி தனக்குச் சொந்தமில்லாத ஒரு பொருளை ஒருவர் எப்படித் தன்னுடையதாக உணர்கிறார் என்று ஆராய்ந்தார்கள். மூன்று வழிகளைச் சொன்னார்கள். அந்தப் பொருள் நம் கட்டுப்பாட்டில் இருப்பது முதல் வழி. அதை நெருக்கமாக அறிந்திருப்பது இரண்டாவது. நம் நேரத்தையும் உழைப்பையும் நம்மையுமே அதில் போட்டிருப்பது மூன்றாவது. இந்த மூன்றையும் வேலைக் கணினியோடு வைத்துப் பாருங்கள். எந்த ஃபோல்டர் எங்கே, எந்த ஷார்ட்கட் எதற்கு, திரை எவ்வளவு வெளிச்சமாக இருக்க வேண்டும் என்று முடிவெடுப்பவர் அதன் முன் உட்காருகிறவர். எந்த யூஎஸ்பி துளை லூசாக இருக்கிறது, எந்த எக்ஸெல் கோப்பைத் திறந்தால் மெஷின் அரை நிமிஷம் திணறும், எந்த மூலையைத் தூக்கிப் பிடித்தால் சார்ஜர் பிடித்துக்கொள்ளும் என்பதெல்லாம் அவருக்கு மட்டுமே தெரியும். வருஷக்கணக்காக எழுதிய மேக்ரோக்களும், ஒவ்வொன்றாக அகராதியில் சேர்த்துவிட்ட ஆட்பெயர்களும் ஊர்ப்பெயர்களும் அவர் உழைப்பு. அலுவலகத்தில் உள்ள மற்ற பொருள்கள் இந்த மூன்றில் ஒன்றுக்கோ இரண்டுக்கோ பொருந்தும். நாற்காலி கட்டுப்பாட்டில் இருக்கும், ஆனால் அதில் உழைப்பைச் சேமிக்க முடியாது. கணினிக்கு மூன்றும் முழுதாகப் பொருந்துகின்றன. அப்படியிருக்க, பற்று வராமல் இருந்தால்தான் விசாரிக்க வேண்டும்.

இதில் இரண்டாவது வழியான நெருங்கிய அறிவைப் பற்றி மேலே கொஞ்சம் பேச வேண்டும், ஏனென்றால் சிரிக்கிறவர்கள் கவனிக்காமல் விடுவது அதைத்தான். வேலையில் பழகிய கையின் அறிவு தலையில் முழுதாக இருப்பதில்லை. அமெரிக்காவில் வான்டர்பில்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், நிமிஷத்துக்குச் சராசரி 72 சொற்களைப் பிழை குறைவாகத் தட்டச்சு செய்யும் ஆட்களைக் கூப்பிட்டு, வெற்று விசைப்பலகைப் படத்தைக் கொடுத்து, எழுத்துகளை அவற்றின் இடத்தில் நிரப்பச் சொன்னார்கள். 26 எழுத்துகளில் சராசரியாகப் பதினைந்தைத்தான் சரியாக நிரப்ப முடிந்தது. விரலுக்குத் தெரிந்தது வாய்க்குத் தெரியவில்லை. அந்த அறிவு விரலும் விசைப்பலகையும் சேரும் இடத்தில்தான் உயிரோடு இருக்கிறது. ஒன்றை எடுத்துவிட்டால் மற்றதில் அது பாதிதான். 2010-இல் டோட்டோவ், நீ, செமெரோ என்ற மூவர் செய்த சோதனை இதை இன்னொரு பக்கத்திலிருந்து காட்டுகிறது. மவுஸை வைத்துத் திரையில் ஒரு வேலையைச் செய்துகொண்டிருப்பவர்களுக்கு, நடுவில் சில நொடிகள் மவுஸைக் கோளாறாக்கிவிட்டுக் கையசைவை அளந்தார்கள். மவுஸ் சரியாக இயங்கியபோது கையசைவில் இருந்த ஓர் ஒழுங்கு, கோளாறு வந்த நொடியில் குலைந்தது. நன்றாக இயங்கும்வரை கருவி, வேலை செய்கிறவரின் உடலோடு ஒரே அமைப்பாக இருக்கிறது என்று அவர்கள் அதற்குப் பொருள் சொன்னார்கள். பழகிய மெஷினைப் பிடுங்கிவிட்டு இன்னொன்றைக் கொடுக்கும்போது வேலை செய்கிறவர் படும் எரிச்சல் வெறும் மனக்குறை என்று இதற்கு மேலும் சொல்ல முடியுமா?

தமிழில் வேலை பார்க்கிறவர்களுக்கு இது எல்லாரையும்விட நன்றாகத் தெரிந்திருக்கும். ஆங்கிலத்தில் வேலை பார்க்கிற உலகத்தில் பெரும்பாலும் ஒரே விசைப்பலகை. நமக்கு அப்படியில்லை. தட்டச்சுப் பயிற்சி நிலையத்தில் படித்துத் தேர்வு எழுதியவர்களின் விரல் பழைய தட்டச்சு அமைப்பில் போகும். 1999-இல் தமிழ்நாட்டு அரசு ஏற்றுக்கொண்ட தமிழ்99-இல் பழகியவர்கள் இன்னொரு கூட்டம். பாமினி எழுத்துருவோடு டிடிபி கற்றவர்கள் ஒரு பக்கம், ஆங்கில எழுத்தை அடித்துத் தமிழை வரவழைக்கிறவர்கள் இன்னொரு பக்கம். ஒரு பதிப்பகத்திலோ பத்திரிகை அலுவலகத்திலோ பக்கத்துப் பக்கத்து மேசைகளில் இந்த நான்கு பேரும் உட்கார்ந்திருக்க முடியும். ஒருவர் லீவு போட்ட நாளில் இன்னொருவர் அவர் மெஷினில் உட்கார்ந்து ஒரு வரி அடித்தால், வருவது தமிழே இல்லை. “என் சிஸ்டத்தில் யாரும் கை வைக்காதீங்க” என்று அங்கே ஒருவர் சொல்வதைக் கர்வம் என்றோ பிடிவாதம் என்றோ எடுத்துக்கொண்டால் அது அநியாயம். எந்த எழுத்துரு எந்த வடிவமைப்பு மென்பொருளில் உடைந்துபோகும், எந்தப் பழைய கோப்பை எந்த மாற்றி கொண்டு யூனிகோடுக்குக் கொண்டுவர வேண்டும் என்பதையெல்லாம் கைபட்டுக் கைபட்டுக் கண்டுபிடித்து, அந்த ஒரு மெஷினில் ஒழுங்கு செய்து வைத்திருக்கிறார் அவர். பல வருஷம் உழைத்துக் கட்டிய பட்டறை அது.

இங்கே நேர்மையான ஒரு மறுப்பு வருகிறது. நீங்கள் சொல்வதெல்லாம் அமைப்புகளும் கோப்புகளும்தானே, இப்போது எல்லாமே கிளவுடில் இருக்கிறது, புது லேப்டாப்பில் லாகின் செய்தால் ஒரு மணி நேரத்தில் பழையபடி வந்துவிடும், பிறகு அந்தக் குறிப்பிட்ட பெட்டி மேல் என்ன பற்று என்று கேட்பார்கள். இதில் பாதியை நான் ஒப்புக்கொள்கிறேன். பற்று உலோகத்தில் பூட்டிக்கிடக்கும் ஒன்று அல்ல. அமெரிக்க நாவலாசிரியர் கோர்மக் மெக்கார்த்தி 1960-களில் ஐம்பது டாலருக்குப் பழைய ஒலிவெட்டி லெட்டெரா 32 தட்டச்சுப் பொறி ஒன்றை வாங்கி, ஏறக்குறைய ஐம்பது வருஷம் தன் நாவல்களை அதில்தான் அடித்தார். 2009 டிசம்பரில் கிறிஸ்டீஸ் ஏலத்தில் அது 2,54,500 டாலருக்குப் போனது. பணம் ஒரு ஆய்வு நிறுவனத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அதற்குப் பதிலாக அவர் எழுத எடுத்துக்கொண்டது, நண்பர் ஒருவர் இருபது டாலருக்கும் குறைவாக வாங்கிக் கொடுத்த இன்னொரு ஒலிவெட்டி, அதே மாடல். ஏலத்தில் எடுத்தவர் காசு கொடுத்தது நினைவுச்சின்னத்துக்கு. எழுதுகிறவருக்கு வேண்டியிருந்தது, விரல் பழகிய அதே வழி. புதுசாக வந்த வேறு எதையோ கொண்டுவந்து அவர் முன்னால் வைத்து, இது இன்னும் வேகம் என்று சொல்லியிருந்தால் அவர் என்ன செய்திருப்பார் என்று யோசித்துப் பாருங்கள். கிளவுட் என்பது கோப்பைத் தூக்கிவருகிறது. விசைகள் எவ்வளவு ஆழம் அமுங்கும், டச்பேட் எந்த இடத்தில் கைக்குத் தட்டுப்படும், ஃபங்ஷன் கீ எந்தப் பக்கம் என்பதை அது தூக்கிவருவதில்லை. வேலை செய்கிறவர் தாமே எழுதிவைத்த ஸ்கிரிப்ட், கம்பெனியின் அங்கீகாரப் பட்டியலில் இல்லை என்ற காரணத்தால் புது மெஷினில் ஓடாமல் போவதும் சாதாரணம். உண்மையிலேயே எல்லாம் அப்படியே கூட வருகிற இடங்களில் பற்றும் கூடவே வந்துவிடும் என்பதையும் மறுக்கவில்லை. மூன்று ஷிஃப்டிலும் ஒரே மெஷினைப் பகிர்ந்துகொள்ளும் கால்சென்டரில் பற்று ஹெட்செட்டுக்கு இடம் மாறுகிறது. எது கூடவே வருகிறதோ, எதில் தன் கை ஊறியிருக்கிறதோ, அதில்தான் அது போய் உட்காரும். என் வாதத்துக்கு இது பலம்தான்.

பொருளியல் படித்தவர்கள் வேறொரு மறுப்பைக் கொண்டுவருவார்கள். டேனியல் கானமன், ஜாக் நெட்ச், ரிச்சர்ட் தேலர் மூவரும் 1990-இல் வெளியிட்ட புகழ்பெற்ற சோதனையில், கார்னெல் பல்கலைக்கழக மாணவர்களில் பாதிப் பேருக்கு ஒரு காபிக் குவளையைக் கொடுத்தார்கள். சில நிமிஷம் முன்பு கைக்கு வந்த அந்தக் குவளையை விற்க அவர்கள் கேட்ட விலை, கையில் குவளை இல்லாதவர்கள் தரத் தயாராக இருந்த விலையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. கையில் இருப்பதாலேயே ஒரு பொருளை மனம் உயர்த்திப் பார்க்கிறது, இது ஒரு சாய்வு, ஆபீஸ் லேப்டாப்பும் அப்படித்தான், புதுசைக் கொடுத்தால் ஒரு வாரத்தில் அதன் மேலும் இதே பாசம் வந்துவிடும் என்பது அவர்கள் வாதம். குவளையைப் பொறுத்தவரை அவர்கள் சொல்வது சரி. ஆனால் அந்தச் சோதனையின் வலுவே, குவளைக்கும் மாணவருக்கும் எந்த உறவும் உண்டாக நேரம் இருக்கவில்லை என்பதில்தான் இருக்கிறது. காரணமே இல்லாமல் மதிப்பு கூடியதால்தான் அதைச் சாய்வு என்கிறோம். மூன்று வருஷம் பழகிய மெஷினுக்கு மதிப்பு கூடக் காரணம் இருக்கிறது. அதைத்தான் இவ்வளவு நேரம் சொல்லிவந்தேன். புதுசு மேலும் பாசம் வரும் என்பதும் உண்மைதான். ஆனால் அது ஒரு வாரத்தில் வருவதில்லை, அதே அளவு உழைப்பைத் திரும்பப் போட்ட பிறகு வருகிறது. அந்த உழைப்புக்கு யாரும் தனியாகக் கணக்கு எழுதுவதில்லை. புது மெஷின் வந்த மாதமும் டார்கெட் அதேதான்.

இயந்திரத்துக்கு உயிரா இருக்கிறது, அதோடு என்ன உறவு என்று கேட்பவர்களுக்கு நீண்ட பதில் தேவையில்லை. ஸ்டான்ஃபோர்டில் கிளிஃபர்ட் நாஸும் அவரோடு சேர்ந்தவர்களும் 1999-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு கணினியோடு வேலை செய்தவர்களிடம் அந்தக் கணினி எப்படி என்று அதே கணினியிலேயே கேட்டபோது நல்லபடியாகச் சொன்னார்கள். வேறொரு கணினியிலோ காகிதத்திலோ கேட்டபோது அவ்வளவு உயர்த்திச் சொல்லவில்லை. முகத்துக்கு நேராகக் குறை சொல்லத் தயங்குவது மனித சுபாவம், அது இயந்திரத்திடமும் வெளிப்படுகிறது. சுவாரசியமான விஷயம். ஆனால் என் வாதம் இதன் மேல் நிற்கவில்லை. கணினிக்கு உயிர் இல்லை, நம்மை அதற்குத் தெரியாது, நாம் போனால் அது வருந்தாது என்பதையெல்லாம் முழுதாக ஏற்றுக்கொண்டு பார்த்தாலும், அதில் தங்கியிருக்கும் உழைப்பு உழைப்புதான்.

உரிமை என்ற கேள்விக்கு வருகிறேன். கம்பெனி பணம் போட்டு வாங்கியது, ஆகவே கம்பெனியின் பொருள், இதில் பேச என்ன இருக்கிறது என்கிறார்கள். நம் ஊரில் இந்தக் கேள்விக்கு ஒவ்வொரு வருஷமும் நடைமுறையில் ஒரு பதில் கிடைத்துக்கொண்டிருக்கிறது. ஆயுத பூஜையை எடுத்துக்கொள்ளுங்கள். அரசுப் பேருந்தை அதன் ஓட்டுநரும் நடத்துநரும் கழுவிச் சந்தனம் குங்குமம் வைத்து மாலை போடுகிறார்கள். பேருந்து போக்குவரத்துக் கழகத்துடையது. வாடகை ஆட்டோவுக்கு வாழைக்கன்று கட்டுகிறவர் அதன் சொந்தக்காரர் இல்லை. அச்சகத்தில் இயந்திரத்துக்குப் பொட்டு வைப்பவர் மாதச் சம்பளக்காரர். சென்னையின் ஐடி அலுவலகங்களில் விடுமுறைக்கு முந்தைய நாள் மாலையிலேயே மானிட்டர் ஓரத்தில் குங்குமப் பொட்டு ஏறிவிடுகிறது, பொரியும் சுண்டலும் வந்துவிடுகின்றன. ரசீது யார் பேரில் இருக்கிறது என்று அந்தச் சடங்கு விசாரிப்பதே இல்லை. யார் கை அதில் வேலை செய்கிறதோ அவர் கையால்தான் பொட்டு. பக்தி உள்ளவர்களும் இல்லாதவர்களும் இதை ஏற்கலாம், ஏனென்றால் நான் இதிலிருந்து எடுத்துக்கொள்வது சாமியைப் பற்றிய செய்தியை அல்ல. ஒரு கருவிக்கும் அதைக் கையாளுகிறவருக்கும் நடுவில், விலைக்கு வாங்கியவர் உரிமையைத் தொடாமலே, இன்னொரு உரிமை இருக்க முடியும் என்பதை இந்தச் சமூகம் வெகு காலமாக ஒப்புக்கொண்டு வந்திருக்கிறது. வீட்டு வேலைக்கு வரும் ஆசாரி தன் உளியையும் இழைப்புளியையும் தானே கொண்டுவருவார். வேலை முடிந்தால் அவை அவரோடு போய்விடும். அலுவலக வேலையில் கருவி முதலாளியிடம் போய்விட்டது, கையாளும் உறவு மட்டும் தொழிலாளியிடம் நின்றுவிட்டது. முதல் பாதிக்குச் சட்டம் இருக்கிறது. இரண்டாம் பாதிக்கு நம்மிடம் இருப்பது இந்த ஒரு நாள் பண்டிகை மட்டும்தான்.

எனக்கு உண்மையிலேயே கனமாகப் படும் மறுப்பு ஒன்று இருக்கிறது. கருவி மேல் பாசம் வைக்கச் சொல்வது, கடைசியில் கம்பெனி மேல் பாசம் வைக்கச் சொல்வதாகிவிடாதா? 2020 ஊரடங்கின்போது கம்பெனிகள் மேசைக் கணினிகளையே வண்டியில் ஏற்றி ஊழியர் வீடுகளுக்கு அனுப்பின. அன்றைக்கு வீட்டுக்குள் வந்த ஆபீஸ், பல வீடுகளிலிருந்து இன்னும் வெளியே போகவில்லை. படுக்கையறை வரை வந்துவிட்ட லேப்டாப்பை நேசிக்கச் சொன்னால், ராத்திரி பதினொரு மணிக்கு வரும் மெயிலுக்குப் பதில் போடவும் சேர்த்துச் சொன்னதாகத்தானே ஆகும்? அதோடு, அந்த மெஷின் கம்பெனியின் கண்ணாகவும் இருக்கிறது. எப்போது லாகின், எந்தத் தளம், எத்தனை நேரம் மவுஸ் அசையவில்லை என்று கணக்கெடுக்கும் மென்பொருள்கள் சந்தையில் ஏராளம். 2022, 2023 ஆட்குறைப்பு அலையில், மெஷினில் லாகின் ஆகவில்லை என்பதிலிருந்தே வேலை போன செய்தியைப் பலர் தெரிந்துகொண்டார்கள். இவ்வளவுக்கும் பிறகு பாசமா என்று கேட்பதில் நியாயமான கோபம் இருக்கிறது. அந்தக் கோபத்தோடு நான் நிற்கிறேன், ஆனால் அதன் முடிவோடு இல்லை. கருவியை மதிப்பது வேறு, கருவியைக் கொடுத்தவருக்கு நேரம் காலமில்லாமல் கட்டுப்படுவது வேறு. ஆயுத பூஜையிலேயே இதற்கு வழி இருக்கிறது. பூஜையில் வைத்த கருவியை அன்றைக்குத் தொடக் கூடாது. விஜயதசமி அன்று காலையில்தான் திரும்ப எடுக்க வேண்டும். ஓய்வு கொடுப்பதுதான் அங்கே மரியாதை. வேலை நேரத்துக்குப் பிறகு அலுவலகத் தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும் உரிமையை பிரான்ஸ் 2017-லிருந்து சட்டமாக வைத்திருக்கிறது. பாசத்துக்கு அந்த உரிமை எதிரி இல்லை, அதற்குத் துணை. கண்காணிப்புக்கும் இதே பதில்தான். வங்கிக் கடவுச்சொல்லையும் குழந்தையின் படங்களையும் ஆதார் நகலையும் வேலைக் கணினியில் வைக்கவே கூடாது. நான் பேசுவது தொழிலில் ஊறிய பற்றைப் பற்றி. அதற்கு அந்தரங்க வாழ்க்கையைக் கொண்டுவந்து கொட்டத் தேவையில்லை.

கம்பெனிக்கு இதில் என்ன லாபம் என்று கேட்பவர்கள் இருப்பார்கள் என்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன், என் பார்வையில் அது முதன்மையான காரணம் இல்லையென்றாலும். எக்ஸெட்டர் பல்கலைக்கழகத்தின் கிரெய்க் நைட்டும் அலெக்ஸ் ஹாஸ்லமும் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், வேலை செய்யும் இடத்தை நான்கு விதமாக அமைத்துப் பார்த்தார்கள். ஒன்றுமே இல்லாத வெறும் மேசை. செடியும் படமும் வைத்து நிர்வாகமே அழகுபடுத்திய மேசை. வேலை செய்கிறவரே தன் விருப்பப்படி அடுக்கிக்கொண்ட மேசை. நான்காவதாக, அப்படி அவர் அடுக்கிய பிறகு ஆய்வாளர் வந்து எல்லாவற்றையும் மாற்றிவைத்த மேசை. மூன்றாவதில் வேலை மிக நன்றாக நடந்தது. நான்காவதில் அந்த நன்மை காணாமல் போனது. நான்கு மேசைகளில் இந்தக் கடைசி ஒன்றைத்தான் நிர்வாகிகள் சுவரில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். தன் இஷ்டப்படி ஒழுங்கு செய்துகொள்ள விட்டுவிட்டு, பிறகு கேட்காமல் கலைப்பது பெரிய இழப்பு. முன்னறிவிப்பு இல்லாமல் லேப்டாப்பை மாற்றுவதும், வார இறுதியில் எல்லா மெஷினையும் ரீசெட் செய்துவிட்டுத் திங்கட்கிழமை புதிதாகத் தொடங்கச் சொல்வதும் அந்த நான்காவது மேசைதான்.

ஆகவே கேட்பது பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. மெஷின் மாற்றப்போகிறோம் என்றால் முன்கூட்டியே சொல்லுங்கள். பழையதையும் புதியதையும் இரண்டு வாரமாவது சேர்த்து வைத்துக்கொள்ள விடுங்கள். எது தொலைந்துபோயிற்று என்பது பத்தாவது நாள்தான் தெரியவரும். விசைப்பலகையும் மவுஸும் ஒருவர் பழகியவையாக இருந்தால் அவற்றைப் பிடுங்காதீர்கள், அவை எந்தப் புது மெஷினிலும் மாட்டும். புது மெஷின் வந்த மாதத்து வேலைக் கணக்கில் பழகும் நேரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வேலையை விட்டுப் போகிறவருக்கு, கம்பெனி ரகசியம் இல்லாத தன் சொந்தக் குறிப்புகளையும் தான் எழுதிய சிறு கருவிகளையும் எடுத்துக்கொள்ள ஒரு நாளாவது கொடுங்கள். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் மெஷினைத் தூக்கிப் போடாமல், அதை உபயோகித்தவரே தேய்மான விலைக்கு வாங்கிக்கொள்ள வழி செய்யுங்கள். சில கம்பெனிகளில் இது ஏற்கெனவே நடக்கிறது. 2025 அக்டோபர் 14-இல் விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த வழக்கமான ஆதரவு முடிந்தபோது, விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 சிப் இல்லை, ப்ராசஸர் பழசு என்ற காரணங்களுக்காகவே உடம்பில் குறை ஏதும் இல்லாத மெஷின்கள் அலுவலகங்களிலிருந்து வெளியேறின. லினக்ஸ் போட்டால் அவற்றில் பல இன்னும் பல வருஷம் வீட்டு வேலைக்கும் பிள்ளைகள் படிப்புக்கும் ஓடும். ஐ.நா. கணக்குப்படி 2022-இல் உலகத்தில் சேர்ந்த மின்னணுக் கழிவு 6.2 கோடி டன். அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்தது 22.3 சதவீதம். பழகிய கை ஒன்று வாங்கிக்கொள்ளத் தயாராக இருக்கும்போது இன்னும் கொஞ்சத்தை அந்தக் குவியலில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டிய அவசியம் என்ன? தரவு வெளியே போய்விடும் என்பது ஐடி டீம் சொல்லும் தடை, அது அலட்சியப்படுத்த வேண்டிய தடையும் அல்ல. ஆனால் டிஸ்க்கை முறைப்படி அழிக்க மென்பொருள் இருக்கிறது. அதிலும் நம்பிக்கை இல்லையென்றால், பெரும்பாலான லேப்டாப்புகளில் ஸ்க்ரூ டிரைவர் ஒன்றால் டிஸ்க்கைக் கழற்றித் தாங்களே வைத்துக்கொண்டு, மீதிப் பெட்டியைக் கொடுத்துவிடலாம்.